மகன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறான், ஆலோசனை ஆசிரியரிடம் கூட்டிக்கொண்டு போகலாமா?

நீங்கள் கேட்டது இது. மகன் தரம் 8. இரண்டு கிழமையாகப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று நிற்கிறான். வகுப்பாசிரியர் போன் எடுத்து, "ஆலோசனை ரீச்சரிட்ட ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றிருக்கிறார். மாமியோ "பிள்ளைக்கு விசர்ப் பட்டம் கட்டப் போறாங்கள்" என்று மறிக்கிறா. டொரொண்டோவில் இருக்கிற உங்கள் தங்கையின் மகனுக்கு இதே மாதிரி வந்தபோது, பாடசாலைச் சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கே வந்து கதைத்தாராம். திருகோணமலையில் அப்படி யாரும் இருக்கிறார்களா, இந்த ஆலோசனை ஆசிரியர்கள் உண்மையில் என்னதான் செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தங்கச்சி, நான் இந்த மாவட்டத்தில் 19 வருடம் ஆலோசனை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் மூதூர்ப் பக்கம், பிறகு நகரம். எனக்குத் தெரிந்ததை முழுதாகச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

மாமியின் பயத்திலிருந்து தொடங்குகிறேன். அவவில் பிழையில்லை. எங்கள் ஊரில் பலருக்கும் 'கவுன்சலிங்' என்ற சொல் ஆஸ்பத்திரியோடும் பொலிசோடும் சேர்ந்துதான் முதலில் காதில் விழுந்தது. ஆனால் ஆலோசனை ஆசிரியர் வைத்தியர் இல்லை. நோய்க்குப் பெயர் வைக்கவோ குளிசை எழுதிக் கொடுக்கவோ அவரால் முடியாது. அவரிடம் போன விஷயம் தேர்ச்சி அறிக்கையில் வராது, விடுகைப் பத்திரத்திலும் வராது. அவர் வைத்திருப்பது ஒரு கொப்பி. அதில் திகதி இருக்கும், பிள்ளை சொன்னதன் சாரம் இருக்கும், அடுத்ததாக என்ன செய்வதென்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டது இருக்கும். அந்தக் கொப்பி பூட்டிய அலுமாரிக்குள் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

உங்கள் தங்கை கனடாவில் கண்ட ஆள் வேறு, இங்கே உங்களை வரச் சொல்லியிருக்கும் ஆள் வேறு. இரண்டும் இரண்டு தொழில். 1906, 1907 அளவில் அமெரிக்காவில் நியூயோர்க், பொஸ்டன், ஹார்ட்போர்ட் ஆகிய நகரங்களில், புதிதாகக் குடியேறிய ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் வராமல் இருந்தார்கள். ஏன் என்று பார்த்து வருவதற்கென்றே வீடு வீடாகப் போகும் ஆசிரியர்களை வைத்தார்கள். வகுப்பில் இருந்து பார்த்தால் தெரியாத காரணம் வீட்டு வாசலில் தெரிந்தது. பாடசாலைச் சமூகப் பணி அங்கேயிருந்துதான் வளர்ந்தது. அதே பொஸ்டனில் 1908இல் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளைஞர்களுக்குத் தொழில் வழிகாட்டும் நிலையம் ஒன்றைத் திறந்தார். பள்ளிக்கூட ஆலோசகரின் வேலைக்கு வேர் அது. ஆக ஒன்று நடந்து போய்ப் பார்க்கிற வேலை, மற்றது இருத்தி வைத்துக் கதை கேட்கிற வேலை. உங்கள் தங்கை இருக்கிற ஒன்டாரியோவில் 18 வயது வரை படிப்பு கட்டாயம். வராத பிள்ளையைத் தேடிப் போவதற்கு ஆள் வைக்க வேண்டும் என்று அங்கே சட்டமே சொல்கிறது. அந்த ஆள்தான் அவவின் வீட்டுக்கு வந்திருப்பார்.

எங்கள் அரச பாடசாலைகளில் கதை கேட்பதற்கு ஆலோசனை ஆசிரியர் இருக்கிறார். நடந்து போய்ப் பார்ப்பதற்கென்று பாடசாலைக்குள் தனிப் பதவி இல்லை. அந்த வேலை பிரதேச செயலகத்தில் நாலைந்து மேசைகளுக்குப் பிரிந்து கிடக்கிறது. நல்ல ஆலோசனை ஆசிரியர் என்பவர் இந்த இரண்டையும் முடிச்சுப் போடத் தெரிந்தவர். என்னைக் கேட்டால் இந்த வேலையில் பாதி காதுக்கு, பாதி காலுக்கு. காலுக்குரிய பாதியைச் செய்யாமல் காதை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் பிள்ளை அழுதுவிட்டுப் போகும், நாளைக்கும் அதே வீட்டுக்குத்தான் போகும்.

முதலில் அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பல பெற்றோர் பிள்ளையைக் கொண்டு வந்து விட்டுவிட்டு, "நல்லாப் புத்தி சொல்லி விடுங்கோ ரீச்சர்" என்று சொல்லிப் போவார்கள். புத்தி சொல்வது எங்கள் வேலை இல்லை. அந்தப் பிள்ளைக்குப் புத்தி சொல்ல அம்மா, அப்பா, மாமா, ரியூசன் சேர், கோயில் ஐயர் என்று ஊரே இருக்கிறது. கேட்க ஆள் இல்லாததால்தான் எங்களிடம் வருகிறது.

தரம் 8 பொடியன்கள் கதிரையில் நேருக்கு நேர் இருத்தினால் வாயே திறக்க மாட்டார்கள். நான் மேசையின் மூலையில் பக்கவாட்டில் இருப்பேன். கையில் ஏதாவது வேலை கொடுப்பேன். பழைய கடதாசிகளை அடுக்கு, இந்தப் பென்சில்களைச் சீவித் தா என்று ஏதாவது. கை வேலை செய்யும்போது அவர்களுக்கு வாய் தானாகத் திறக்கும். "ஏன் பள்ளிக்கூடம் வாறாய் இல்லை?" என்று கேட்கவே மாட்டேன். 'ஏன்' என்று தொடங்கினால் குற்றம் விசாரிப்பது போல இருக்கும், பிள்ளைக்கும் பல நேரம் காரணம் சொல்லத் தெரியாது. "பள்ளிக்கூட நாளில் எந்த நேரம் உனக்கு ஆகவும் கஷ்டம்?" என்று கேட்பேன். அதற்குப் பதில் வரும். ஒருவன் "இடைவேளை" என்பான். அங்கே அடிக்கிற, பட்டப் பெயர் சொல்லுகிற ஆட்கள் இருப்பார்கள். ஒருவன் "மூன்றாம் பாடம்" என்பான். அந்தப் பாடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள், அவனுக்கு எழுத்துக் கூட்டவே சரியாக வராது, தரம் 8 வரை அதை மறைத்தே வந்திருப்பான். ஒருவன் "பஸ்" என்பான். ஒரு பிள்ளை "மலசலகூடம்" என்றது. கதவுக்குக் கொண்டி இல்லை. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை, பதினொரு மணிக்குத் தலையிடி.

பள்ளிக்கூடம் போக மறுப்பதிலும் இரண்டு விதம் உண்டு. வீட்டில் உடுத்திக்கொண்டு புறப்பட்டு, யாருக்கும் தெரியாமல் கடற்கரையிலோ விளையாட்டுத் திடலிலோ நிற்பது ஒன்று. வீட்டை விட்டு வெளிக்கிடவே மாட்டேன் என்பது மற்றது. இரண்டாவது பெரும்பாலும் பயம். ஞாயிறு பின்னேரமே தொடங்கும். வயிற்றுக்குத்து, சத்தி, தலையிடி. திங்கள் பத்து மணிக்கு எல்லாம் சுகமாகிவிடும். அதைப் பார்த்து "நடிக்கிறான்" என்று சொல்லிவிடுகிறோம். வயிறு உண்மையாகவே குத்துகிறது, தங்கச்சி. பயம் உடம்பில்தான் முதலில் வரும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகன் இரண்டாவது வகை போலத் தெரிகிறது. இதில் நாள் கணக்கு முக்கியம். வீட்டில் நிற்க நிற்கத் திரும்பிப் போவது கடினமாகும். இரண்டு கிழமை என்பது பிடித்துத் திருப்பக்கூடிய காலம். இரண்டு மாதமாக விடாதீர்கள்.

காலுக்குரிய வேலை என்றேனே, அதற்கு ஒரு பிள்ளையின் கதை சொல்கிறேன். நகரத்தில் தரம் 9இல் படித்தவள். ஒரு தவணையில் முப்பது நாளுக்கு மேல் பிந்தி வந்திருந்தாள். ஏழரைக்கு கேற் பூட்டிய பிறகு வருகிறவர்களின் பெயரை மாணவத் தலைவர்கள் எழுதி, வெயிலில் நிறுத்துவார்கள். இவள் தினமும் நின்றாள். கடைசியில் ஒழுக்காற்றுக் குழு என்னிடம் அனுப்பியது, "திமிர் பிடிச்ச பிள்ளை" என்ற குறிப்போடு. ஒன்றும் சொல்லாமல் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, காலையில் எழும்பினதிலிருந்து கேற்றடிக்கு வரும் வரை செய்கிறதெல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதச் சொன்னேன். 4.45 எழும்புதல். 5.00 சோறு. 5.40 தம்பியை எழுப்புதல். தம்பிக்கு நாலு வயது. 6.30 தம்பியைக் குளிப்பாட்டி உடுத்துதல். 7.10 முன்பள்ளி. அதற்கு அடுத்த வரியில் "7.10 இலிருந்து 7.50 வரை முன்பள்ளி வேலியடியில் நிற்றல்" என்று எழுதியிருந்தாள். முன்பள்ளி எட்டு மணிக்குத்தான் தொடங்கும், ஆசிரியை வருவது எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்க. அம்மா குவைத்தில். அப்பா கடலுக்குப் போனால் திரும்ப எட்டரையாகும். தம்பியைத் தனியே விட்டுவிட்டு வர அவளுக்கு மனம் இல்லை.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் அந்த முன்பள்ளிக்கு நடந்து போனேன். அந்த ஆசிரியையின் வீடு பின் ஒழுங்கையில்தான். "ஏழு மணிக்கே என்ர வீட்டில கொண்டு வந்து விடட்டும், என்ர பிள்ளையோட சேர்ந்து சாப்பிட்டு வரும்" என்றா. பத்து நிமிடக் கதை. அடுத்த நாள் ஏழு இருபதுக்கு அவள் வகுப்பில் இருந்தாள். அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு சொல் புத்திமதி சொல்லவில்லை. அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கணிதம் அவளுக்குக் கடைசி வரை வரவில்லை, அம்மா இல்லாத துக்கமும் போகவில்லை. ஆனால் வெயிலில் நிற்பது நின்றது. முப்பது நாள் அவளை நிறுத்தி வைத்த எங்களில் ஒருவர்கூட அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்பது இப்போதும் எனக்கு வலிக்கிறது.

சரி, பாடசாலைக்கு வெளியே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். எங்கள் மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. நீங்கள் உவர்மலையில் இருப்பதால் உங்களுக்குப் 'பட்டணமும் சூழலும்'. பிள்ளையின் விஷயத்தில் அங்கே முதலில் தேட வேண்டியது சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரை. இவர் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தைச் சேர்ந்தவர். உங்கள் தங்கை சொன்ன 'வீட்டுக்கு வந்த ஆளுக்கு' எங்கள் ஊரில் ஆகக் கிட்ட நிற்பவர் இவர்தான். படிப்பை விட்ட பிள்ளைகளைத் தேடுவது, கிராமங்களில் சிறுவர் கழகங்களை நடத்துவது, ஆக வறிய வீடுகளுக்கு உதவிக்கு வழி பார்ப்பது எல்லாம் இவரிடம் வரும். உளவளத்துணை உத்தியோகத்தர் கணவன் மனைவி சண்டை, குடி, வீட்டுக்குள் இருக்கிற நெருக்கடி ஆகியவற்றைக் கேட்பவர். பிள்ளையோடு நான் கதைத்துக்கொண்டிருக்க, அதே வேளையில் பெற்றோரோடு அவர் கதைத்துத் தீர்த்த சிக்கல்கள் பல. சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான உதவி, நோயாளிக் குடும்பங்களுக்கான உதவி. நன்னடத்தை உத்தியோகத்தர் வேறு. பிள்ளையின் விஷயம் நீதிமன்றத்துக்குப் போனால் அறிக்கை எழுதுபவர் அவர்.

படிப்பை விட்ட பிள்ளை என்றவுடன் சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 2016இலிருந்து எங்கள் நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். அதற்கு முன் 14 வரைதான் இருந்தது. 2021இல் வேலைக்கு வைக்கக்கூடிய ஆகக் குறைந்த வயதையும் 16 ஆக உயர்த்தினார்கள். ஆனால் குச்சவெளிப் பக்கம் கரைவலை இழுக்கப் போகிற பொடியனின் வீட்டு வாசலில் நின்று சட்டம் கதைத்து ஒரு பிரயோசனமும் இல்லை. அவன் கொண்டு வருகிற பங்கு மீனில்தான் அன்றைக்கு உலை கொதிக்கும். அந்த வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது அரசு வறிய குடும்பங்களுக்குத் தருகிற அஸ்வெசும உதவிப் பணம் கிடைக்கிறதா, கிடைக்காவிட்டால் மேன்முறையீடு போட்டார்களா, நுண்கடன்காரர் கிழமைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதுதான். அப்பா சிறையிலா, படுக்கையிலா, வேறு குடும்பத்தோடா என்பதும் தெரிய வேண்டும். இதெல்லாம் தெரியாமல் "நாளையிலிருந்து அனுப்புங்கோ" என்று சொன்னால், அவர்கள் மரியாதைக்கு "ஓம் சேர்" என்பார்கள். பொடியன் நாளைக்கும் வலைக்குத்தான் போவான்.

மூதூர்ப் பக்கம் நான் இருந்தபோது என் நேரத்தில் பெரும்பகுதியைக் கடதாசி வேலை தின்றது. 2006இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, 2015க்குப் பிறகுதான் சொந்தக் காணியைக் கண்டன. முகாமில் பிறந்து முகாமிலேயே பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்த பிள்ளைகள் இருந்தார்கள். பிறப்புச் சான்றிதழ் ஓடுகிற அவசரத்தில் தொலைந்திருக்கும், அல்லது பதியவே பட்டிருக்காது. ஓ.எல். பரீட்சைக்கு விண்ணப்பிக்கிற நேரத்தில்தான் அது வெளியே வரும். பிள்ளை வெட்கத்தில் ஒன்றும் சொல்லாமல் நின்றுவிடும். ஆசிரியர்கள் "படிக்க விருப்பமில்லை" என்று எழுதிவிடுவார்கள். கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம், பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவு, சத்தியக் கடதாசி, காலங்கடந்த பதிவு அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ் என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு நாலு தரம் ஏறி இறங்கினால் அந்தப் பிள்ளை பரீட்சை எழுதும். இதை யாரும் கவுன்சலிங் என்று சொல்ல மாட்டார்கள். எனக்கு இதுதான் கவுன்சலிங்.

அம்மாமார் வெளிநாடு போன வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிண்ணியா, மூதூர், தோப்பூர் பக்கங்களில் அம்மம்மாவோ மூத்தம்மாவோதான் பாடசாலைக் கூட்டத்துக்கு வருவா. தரம் 10 பிள்ளையின் போனுக்குள் என்ன நடக்கிறது என்று அந்த மனுசிக்கு எப்படித் தெரியும்? அம்மா அங்கேயிருந்து இரவு பதினொரு மணிக்கு வீடியோவில் வந்து, ஒரு கிழமைப் பேச்சை பத்து நிமிடத்தில் பேசித் தீர்த்துவிட்டுப் போவா. பிள்ளைக்கு அம்மா என்றால் பேச்சு வாங்குகிற நேரம் என்று ஆகிவிடும். நான் அந்தத் தாய்மாரோடு வட்ஸ்அப்பில் கதைப்பேன். கிழமையில் ஒரு நாளாவது படிப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், என்ன சாப்பிட்டாய், பூனை குட்டி போட்டதா என்று மட்டும் கதைக்கச் சொல்வேன். செய்து பார்த்தவர்கள் பிள்ளை தானாக விஷயம் சொல்லத் தொடங்கியது என்றார்கள். சிலர் கஷ்டம் தாங்காமல் பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சாப்பாடும் படிப்பும் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் வறுமைக்காக மட்டும் ஒரு பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அந்த வாசலுக்குப் போக முன் சித்தி, பெரியம்மா, மாமி என்று உறவில் எத்தனை வாசல் உண்டோ அத்தனையும் தட்ட வேண்டும்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறு இடத்துப் பிள்ளைகளுக்கு இல்லாத பாரமும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. போர் வந்து போனது. 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டிக்கொண்டிருந்தபடியால் மாற்றாக ஆட்களை ஏற்றி ஓடிய படகுப்பாதை என்கிற மிதவை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்கள். இப்படி ஒன்று நடந்தால் உடனே எல்லாப் பிள்ளைகளையும் கூட்டி, கண்டதை வரிசையாகச் சொல்ல வைப்பதுதான் ஆலோசனை என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. சொல்ல விரும்பாத பிள்ளையைச் சொல்ல வைத்தால் புண்ணைக் கிளறுகிற மாதிரி. முதலில் சாப்பாடு, நித்திரை, கூட இருக்க ஒரு பெரியவர், பிறகு இயன்றளவு கெதியாகப் பழைய நேரசூசி. மணி அடிக்கிற நேரத்துக்கு அடிப்பது, இடைவேளை இடைவேளையாக வருவது, விளையாட்டுப் பாடம் நடப்பது இதெல்லாமே மருந்து. ஒரு மாதத்துக்குப் பிறகும் நித்திரையில் அலறுகிற, சிறுநீர் போகிற, தண்ணீரைக் கண்டால் உறைந்து நிற்கிற பிள்ளையை மட்டும் பிரித்தெடுத்து மாவட்ட வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். சுனாமிக்குப் பிறகு உளசமூகத் திட்டங்கள் நிறைய வந்தன, நல்ல பயிற்சிகளும் தந்தார்கள், அந்தப் பயிற்சியில் ஒன்றிரண்டு இன்றும் எனக்கு உதவுகிறது. ஆனால் திட்டம் முடிய ஆட்கள் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளைகளோடு மிஞ்சி நின்றவர்கள் வகுப்பாசிரியர்கள்தான்.

இரகசியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிள்ளை சொல்வதை உங்களுக்கும் சொல்ல மாட்டார்களா என்று. பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. எதைச் சொல்லலாம் என்று பிள்ளையிடமே கேட்டுவிட்டுத்தான் சொல்வார்கள். ஆனால் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து, யாராவது பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள், பிள்ளையால் இன்னொருவருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் மறைக்க முடியாது. இதைப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், நடுவில் சொன்னால் துரோகம் போலாகிவிடும். துன்புறுத்தல் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம். எந்த நேரமும் எடுக்கலாம், காசு போகாது, தமிழில் கதைக்கலாம். வீட்டு மானம் போகும் என்று மூடி மறைத்த குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். செய்தவன் அதே ஒழுங்கையில் நடமாட, பிள்ளைதான் வீட்டுக்குள் அடைந்து கிடந்தது.

ஆசிரியர் அடிப்பதும் இதில் சேர்த்திதான். பாடசாலையில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17 சுற்றுநிருபம் தெளிவாகச் சொல்கிறது. உங்கள் மகனுக்குக் காரணம் அதுவாக இருந்தால் ஆலோசனை ஆசிரியரிடம் சொல்லத் தயங்காதீர்கள். அவர் சக ஆசிரியருக்குப் பக்கம் சாய்கிறார் என்று தோன்றினால் அதிபர், அதற்கு மேல் வலயக் கல்விப் பணிமனை இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதக் கஷ்டமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லம்" என்ற மாதிரி மகன் ஏதாவது சொன்னால் அதைக் கடந்து போகாதீர்கள். "சாகலாம் போல இருக்கா அப்பன்?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஏற்கெனவே இருந்தால் சொல்ல ஒரு வழி கிடைக்கும். 1995 அளவில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் என்ற கணக்கில் தற்கொலை நடந்தது, உலகிலேயே ஆகக் கூடிய வீதங்களில் ஒன்று. ஆக நஞ்சான பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு அது பெருமளவு குறைந்தது. கைக்கெட்டுகிற தூரத்தில் இல்லை என்பதே எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. வயல் இருக்கிற வீடென்றால் மருந்துப் போத்தலைப் பூட்டி வையுங்கள், மாமியின் குளிசைகளையும் சேர்த்து. 1926 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் கதைப்பார்கள்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. பல பாடசாலைகளில் ஆலோசனை ஆசிரியருக்கு முழு நேரசூசியும் இருக்கும், மிச்ச நேரத்தில்தான் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். ஆலோசனை அறை என்று பெயர்ப் பலகை இருக்கும், உள்ளே பட்மின்டன் வலையும் இல்ல விளையாட்டுப் போட்டிக் கொடிகளும் குவிந்திருக்கும். நான் வேலை செய்த ஒரு பாடசாலையில், ஒரு பிள்ளை எனக்கு அழுதழுது சொன்ன வீட்டு விஷயம் இரண்டே நாளில் ஆசிரியர் அறையில் தேநீரோடு பரவியது. அதிபருக்கு எழுதிக் கொடுத்த குறிப்பிலிருந்து அது போயிருந்தது. அந்தப் பிள்ளை என்னிடம் பிறகு வரவே இல்லை. குறிப்பில் நான் அவ்வளவு எழுதியிருக்கத் தேவையில்லை. அன்றிலிருந்து யாருக்கு எழுதினாலும் "இப்படி உதவி தேவை" என்று மட்டும்தான் எழுதினேன், கதையை எழுதவில்லை. நீங்களும் அந்த ரீச்சரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனித் திங்கட்கிழமை. மகனிடம் "உன்னைத் திருத்தக் கூட்டிக்கொண்டு போறன்" என்ற தொனி வரக் கூடாது. "எது கஷ்டம் எண்டு கேக்க ஒரு ரீச்சர் இருக்கிறா, அரை மணித்தியாலம் இருந்திட்டு வருவம், வகுப்புக்குப் போகத் தேவையில்லை" என்று சொல்லுங்கள், சொன்னபடி அரை மணித்தியாலத்தில் திரும்பக் கூட்டி வாருங்கள். வர மாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் போங்கள். முதல் சந்திப்புக்குத் தாய் தனியே வருவது சாதாரணம். அவனுக்குத் தெரியாமல் போகாதீர்கள், சொல்லிவிட்டே போங்கள். வயிற்றுக்குத்து இருந்தால் ஒரு டொக்டரிடம் காட்டிவிடுங்கள், உண்மையில் வயிற்றில் ஏதும் இல்லை என்று உங்களுக்கும் நிம்மதி. போன வருடம் தரம் 7இல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் சுகாதார வைத்திய அதிகாரியின் ஆட்களும் வந்து பார்த்திருப்பார்கள். கண் காட்டச் சொல்லி ஏதும் துண்டு தந்தார்களா என்று பழைய பையைக் கிளறிப் பாருங்கள். கரும்பலகை தெரியாமல் பள்ளிக்கூடத்தை வெறுத்த பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன்.

ரீச்சரிடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது படிப்படியான திரும்பல். முதல் நாள் அவனுக்குப் பிடித்த பாடம் இரண்டு மட்டும். அடுத்த நாள் இடைவேளை வரை. கேற்றடியில் அவனை எடுத்துக்கொண்டு போக ஒரு ஆள், அது நண்பனாக இருந்தாலும் சரி. இவ்வளவு நாள் எங்கே போனாய் என்று வகுப்பில் யாரும் எல்லார் முன்னாலும் கேட்கக் கூடாது என்று வகுப்பாசிரியர் மற்ற ஆசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

பிறகு கொப்பி. பெரியவர்கள் இதை நினைப்பதே இல்லை. இரண்டு கிழமை என்றால் எட்டு ஒன்பது பாடத்தில் எழுதாத நோட்ஸ். திரும்பி வரலாம் என்று மனம் வந்த பிள்ளைகள் பலர், "கொப்பி முடிக்கேல்லை, சேர் ஏசுவார்" என்ற ஒரே பயத்தில் மேலும் ஒரு கிழமை நின்றிருக்கிறார்கள். எல்லாப் பாடத்துக்கும் ஒரு மாதத் தவணை கேட்டு வாங்குங்கள். வகுப்பில் எழுத்து வடிவான ஒரு பிள்ளையின் கொப்பிகளை போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பின்னேரத்தில் நீங்களும் பக்கத்தில் இருந்து, ஒரு நாளைக்கு ஒரு பாடமாக வாசித்துக் கொடுங்கள், அவன் எழுதட்டும். மாமியையும் அந்த மேசைக்குக் கூப்பிடுங்கள், சரித்திரப் பாடம் வாசிக்க அவவுக்கு விருப்பமாகத்தான் இருக்கும். திங்கள் சந்திப்பில் ரீச்சர் என்ன சொன்னா என்று எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.